எண்டர்பிரைஸ் விண்கல மாதிரிகளும் ஸ்டார் ட்ரெக் ஏலமும்

ஸ்டார் ட்ரெக் என்பது அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் முதல் 1969 வரை மூன்று பருவங்களாக ஒளிபரப்பான அறிவியல் புனைகதைத் தொடர் ஆகும். இதை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. இத்தொடரிலும் இதன் வழியாகப் பின்னர் வந்த தொடர்கள், திரைப்படங்களிலும் பயன்பட்ட விண்கல மாதிரிகள், உடைகள், கைக்கருவிகள் முதலியவை 2006 அக்டோபர் 5 முதல் 7 வரை நியூயார்க் நகரில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தால் ஏலம் விடப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏலத் தொகுதிகள் மூன்று நாளில் விற்றுத் தீர்ந்தன. கிடைத்த தொகை ஏறத்தாழ 71 இலட்சம் டாலர். அன்றைய மாற்று மதிப்பில் 32 கோடி ரூபாய்க்குச் சற்று மேல்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பழைய சாமான்கள் இந்த விலைக்குப் போனது எப்படி என்பதும், அவற்றில் எவை தப்பின, எவை தொலைந்தன என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

எண்பதுகளில் தூர்தர்ஷன் இத்தொடரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒளிபரப்பியது. என் வயதுக்காரர்கள் பலர் எண்டர்பிரைஸ் விண்கலத்தை முதன்முதலில் கண்டது அப்போதுதான். ஆங்கில உரையாடல் பாதி புரியாது. ஆனால் தட்டு போன்ற முன்பகுதியும் பின்னால் நீண்ட இரு குழாய்களும் கொண்ட அந்தக் கலம் விண்மீன்களுக்கிடையே கடந்து செல்வதைப் பார்க்கவே உட்கார்ந்திருப்போம். அது மரத்தால் செய்யப்பட்டது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

மரத்தால் ஆன விண்கலம்

எண்டர்பிரைஸின் வடிவத்தை வரைந்தவர் மாட் ஜெஃப்ரீஸ். விமானங்களை நன்கு அறிந்த அவர், ஏவுகணை போலவோ பறக்கும் தட்டு போலவோ முழுமையாக இல்லாத ஒரு வடிவத்தைப் பல ஓவியங்களுக்குப் பின் எட்டினார். அந்த வரைபடத்தைக் கொண்டு ரிச்சர்ட் டேட்டின் என்ற மாதிரிக் கலைஞர் 1964-இல் ஏறத்தாழ மூன்று அடி நீளமுள்ள ஒரு சிறிய கலத்தைச் செய்தார். ராடன்பெரி அதைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு, படப்பிடிப்புக்காகப் பதினோரு அடி நீளமுள்ள பெரிய கலம் கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் இருந்த ஒரு மாதிரிப் பட்டறையில் அதே ஆண்டின் இறுதிக்குள் செய்து முடிக்கப்பட்டது. இவ்விரண்டையும் வாசகர்கள் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டின் கதையும் இரு வேறு திசைகளில் போகிறது.

பெரிய மாதிரியின் உடலுக்குப் பாப்லர் மரமும், வெப்பத்தால் இளக்கி உறிஞ்சி வார்த்த பிளாஸ்டிக் தகடும், உருட்டிய உலோகத் தகடும் பயன்பட்டன. எடை ஏறத்தாழ 90 கிலோ. முதல் முன்னோட்டப் படத்தில் இதற்கு விளக்குகள் இல்லை. பின்னர்ச் சன்னல்களில் விளக்கு பொருத்தினார்கள். இயந்திரக் குழாய்களின் முன்முனையில் சுழலும் ஒளியும் சேர்ந்தது. அதற்கு வேண்டிய மின்கம்பிகள் கலத்தின் இடப்பக்கத்தின் வழியே வெளியே வந்ததால், அந்தப் பக்கத்தைப் படமெடுக்க முடியாமல் போயிற்று. தொடரில் கலம் பெரும்பாலும் ஒரே பக்கமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். மறுபக்கம் தேவைப்பட்டபோது எழுத்துகளையும் எண்களையும் இடவலம் மாற்றி ஒட்டிப் படமெடுத்து, பிறகு படத்தையே திருப்பிப் போட்டார்கள்.

கலம் பறக்கவும் இல்லை. தாங்குகோலில் அசையாமல் நின்றது. நீலத்திரையின் முன் தண்டவாளத்தில் கேமராதான் அதை நோக்கி நகர்ந்தது. இயற்பியல் வகுப்பில் சார்பியக்கம் நடத்துகிற ஆசிரியர்களுக்கு ஓடும் இரயிலையும் நடைமேடையையும் விட இது நல்ல எடுத்துக்காட்டு.

படத்துறையில் 'பிராப்பர்ட்டி' என்று சொல்லும் பொருள்களுக்கெல்லாம் ஒரே விதிதான்: கேமராவுக்கு எது தெரியுமோ அது மட்டும் அழகாக இருந்தால் போதும். அவற்றைப் பத்தாண்டு தாங்கும்படி யாரும் செய்வதில்லை. தொடர் முடிந்தால் கிடங்கு. கிடங்கு நிறைந்தால் குப்பை. 1969-இல் ஸ்டார் ட்ரெக் நிறுத்தப்பட்டபோது அதன் பொருள்களுக்கும் அதே நிலைதான். சில அடுத்த படங்களுக்குப் பயன்பட்டன, சில பணியாளர்களின் வீடுகளுக்குச் சென்றன, பல எறியப்பட்டன.

நன்கொடையாகப் போன கலம்

தொடர் நின்ற பிறகுதான் அதன் புகழ் வளர்ந்தது என்பது தொலைக்காட்சி வரலாற்றில் ஒரு விந்தை. எழுபதுகளில் உள்ளூர் நிலையங்கள் இதை மறுஒளிபரப்புச் செய்தன. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் நாள்தோறும் பார்த்தார்கள். 1972 சனவரியில் நியூயார்க்கில் நடந்த இரசிகர் மாநாட்டுக்கு அமைப்பாளர்கள் நினைத்ததற்கு மேல் கூட்டம் வந்தது. அதற்கும் முன்பே, ராடன்பெரியும் நடிகை மேஜல் பேரட்டும் லிங்கன் எண்டர்பிரைசஸ் என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்தின் மூலம் படத்தொகுப்பு மேசையில் வெட்டி எறிந்த படச்சுருள் துண்டுகளை இரசிகர்களுக்கு விற்றுவந்தனர். குப்பைக்குப் போக இருந்தது காசாகும் என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் அவர்களே எனலாம்.

ஸ்டுடியோவுக்கு அது உறைக்கவில்லை. பதினோரு அடி எண்டர்பிரைஸை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகம் கேட்டபோது, பாரமவுண்ட் நிறுவனம் 1974-இல் அதை விலையின்றிக் கொடுத்துவிட்டது. பெட்டிகளில் வந்து சேர்ந்த கலம் அழுக்கேறி, சில உறுப்புகள் இல்லாமல் இருந்தது.

இன்று திரும்பிப் பார்க்கையில், அந்தப் பொருளுக்குச் சந்தை விலை உருவாகாதிருந்ததுதான் பொதுமக்களுக்குக் கிடைத்த நற்பேறு. முப்பது ஆண்டு கழித்துக் கேட்டிருந்தால் அருங்காட்சியகத்துக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

அருங்காட்சியகத்திலும் அதற்கு எப்போதும் நல்ல காலமாக இருந்துவிடவில்லை. 1974, 1984, 1991 ஆண்டுகளில் பழுது பார்க்கப்பட்டது. 1991-இல் பூசிய வண்ணத்தையும் கோடுகளையும் இரசிகர்கள் பலர் ஏற்கவில்லை. மூலத்தில் இவ்வளவு அழுத்தமான கோடுகள் கிடையாது என்றனர். 2000 முதல் 2014 வரை அது அருங்காட்சியகக் கடையின் கீழ்த்தளத்தில், விற்பனைப் பொருள்களுக்கு நடுவே நின்றது. பிறகு நடந்த பணிதான் முறையான பாதுகாப்புப் பணி. ஊடுகதிர்ப் படம் எடுத்து உட்கட்டமைப்பை ஆராய்ந்தனர். பழைய பூச்சுகளை அடுக்கடுக்காகச் சோதித்தனர். 1976-க்கு முன் அக்கலத்தை நேரில் படமெடுத்தவர்கள் யாரேனும் இருந்தால் படங்களைத் தந்து உதவுமாறு பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தனர். தொடருக்காக அது கடைசியாக மாற்றியமைக்கப்பட்ட 1967 ஆகஸ்டு மாத நிலைக்கு அதைக் கொண்டுவந்து, 2016-இல், தொடரின் ஐம்பதாம் ஆண்டில், முதன்மைக் கூடத்தில் வைத்தனர். உண்மையாகவே வானில் பறந்த கலங்கள் நிற்கும் கூடம் அது.

சிறிய மாதிரி அந்த அளவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அது ராடன்பெரியின் மேசையில் இருந்தது. எழுபதுகளின் இறுதியில், 1979-இல் வெளியான முதல் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தின் பணிக்காக அதை அவர் இரவல் கொடுத்தார். திரும்பி வரவில்லை.

ஏலச் சந்தை உருவான விதம்

படப்பிடிப்புப் பொருள்களுக்கு விலை உண்டு என்பதை உலகுக்குக் காட்டியது 1970 மே மாதம் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் நடந்த மாபெரும் ஏலம். நிதி நெருக்கடியில் இருந்த அந்த நிறுவனம் தன் உடைகள், அரங்கப் பொருள்கள் அனைத்தையும் டேவிட் வைஸ் என்ற ஏலக்காரருக்கு மொத்தமாக விற்றது. அவர் அவற்றைப் பிரித்து ஏலம் விட்டார். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் சிவப்புக் காலணி ஒரு சோடி அன்று 15,000 டாலருக்குப் போனது செய்தியாயிற்று. அப்படத்தின் மற்றொரு சோடி 2024 திசம்பரில் கட்டணம் உட்பட 3 கோடியே 25 இலட்சம் டாலருக்கு விற்றது.

அதே 1970 ஏலத்தில் ராபி என்ற ரோபோவும் கைமாறியது. 1956-இல் 'ஃபர்பிடன் பிளானட்' படத்துக்காகச் செய்யப்பட்ட ராபி, பின்னர் 'ட்விலைட் சோன்', 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' போன்ற தொலைக்காட்சித் தொடர்களிலும் தலைகாட்டியது. 2017 நவம்பரில் பான்ஹாம்ஸ் நிறுவனம் அதை நியூயார்க்கில் ஏலம் விட்டபோது 53,75,000 டாலர் கிடைத்தது.

ஸ்டார் ட்ரெக்கைப் பொறுத்தவரை திருப்பம் 2002-இல் வந்தது. கேப்டன் கிர்க் அமரும் நாற்காலி அந்த ஆண்டு புரொஃபைல்ஸ் இன் ஹிஸ்டரி என்ற நிறுவனத்தின் ஏலத்தில் 3,04,750 டாலருக்கு விற்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களுள் ஒருவரான பால் ஆலன் வழியாக அது சியாட்டில் நகர அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஒட்டுப்பலகையும் சாதாரண அலுவலக நாற்காலியும் சேர்த்துச் செய்த ஒரு பொருளுக்கு மூன்று இலட்சம் டாலர் என்றால், கிடங்கு முழுவதும் என்ன பெறும் என்று கணக்குப் போடாத நிருவாகம் இருக்க முடியாது.

2006 ஏலம்

1987-இல் தொடங்கிய 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முதல் பதினெட்டு ஆண்டுகள் ஏதேனும் ஒரு ஸ்டார் ட்ரெக் தொடர் இடைவிடாது தயாரிக்கப்பட்டு வந்தது. 2005 மே மாதம் 'எண்டர்பிரைஸ்' தொடர் நிறுத்தப்பட்டதோடு அந்தச் சங்கிலி அறுந்தது. அடுத்த தொடருக்குத் தேவைப்படும் என்று வைத்திருந்த பொருள்களை இனி வைத்திருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று.

மாதிரிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கணினி வரைகலை வந்துவிட்டது. கையால் செய்த கலங்களை வைத்துப் படமெடுக்கும் வழக்கம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. ஆகவே 2006-இல் விற்பனைக்கு வந்தவை பழைய பொருள்கள் மட்டுமல்ல, வழக்கொழிந்த ஒரு கைத்தொழிலின் மிச்சங்களும்கூட.

சி.பி.எஸ். பாரமவுண்ட் நிறுவனம் கிடங்குகளைத் திறந்துவிட, தொடர்களில் நெடுங்காலம் கலைப் பிரிவில் பணியாற்றிய மைக்கேல் ஒக்குடா, டெனிஸ் ஒக்குடா இணையர் எது எந்தப் பகுதியில் வந்தது என்று அடையாளம் காண உதவினர். ஏலத்துக்கு வைத்த பெயர் 'ஸ்டார் ட்ரெக்கின் 40 ஆண்டுகள்'.

மிக அதிக விலைக்குப் போனது 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் எண்டர்பிரைஸ்-டி கலத்தின் ஆறு அடி மாதிரி. கிறிஸ்டீஸ் போட்டிருந்த மதிப்பீடு 25,000 முதல் 35,000 டாலர். விற்ற விலை 5,76,000 டாலர். செய்திகளில் வரும் இத்தகைய தொகையை மாணவர்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு சொல். நம் ஊர் ஏலத்தில் 'மூணு தரம்' என்றதும் சொன்ன விலைதான் விலை. பன்னாட்டு ஏல நிறுவனங்களில் சுத்தியல் விழும் விலை வேறு, வாங்குபவர் கட்டும் விலை வேறு. சுத்தியல் விழுந்தது 5,00,000 டாலரில். அதன் மேல் முதல் 2,00,000 டாலருக்கு 20 விழுக்காடும் மீதிக்கு 12 விழுக்காடும் வாங்குபவர் கட்டணம். அதாவது 40,000-உம் 36,000-உம் சேர்ந்து 76,000. அதே கணக்கில், திரைப்படங்களில் பறந்த எண்டர்பிரைஸ்-ஏ கலத்தின் மாதிரி 2,84,800 டாலருக்குப் போனது.

எனக்கு இந்தப் பெரிய எண்களைவிட வியப்பளிப்பது ஒரு புல்லாங்குழல். 1992-இல் வந்த 'தி இன்னர் லைட்' என்ற பகுதியில் கேப்டன் பிகார்ட் சில நிமிட மயக்கத்தில், அழிந்துபோன ஒரு கோளின் மனிதனாக முழு வாழ்நாளையும் வாழ்ந்து முடிக்கிறார். மனைவி, பிள்ளைகள், பேரன் என்று எல்லாம். விழித்தபின் அவர் கையில் மிஞ்சுவது அவ்வாழ்க்கையில் அவர் வாசிக்கக் கற்ற குழல் ஒன்றுதான். ஆயிரம் டாலரை ஒட்டி மதிப்பிடப்பட்டிருந்த அந்தக் குழல் 48,000 டாலருக்கு ஏலம் போனது. அது வாசிக்கக்கூடிய குழலும் அன்று. படப்பிடிப்புக்காகச் செய்த வெறும் உருவம். குழலின் உலோகத்துக்கோ வேலைப்பாட்டுக்கோ யாரும் அந்த விலை கொடுத்திருக்க முடியாது. அந்தக் கதையைப் பார்த்து மனம் கனத்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள், அவர்களில் சிலரிடம் பணமும் இருந்தது.

எஞ்சிய சாமான்களை அந்த ஆண்டு இறுதியிலிருந்து 'இட்ஸ் எ ராப்' என்ற பர்பேங்க் கடை ஈபே தளத்தில் சிறிது சிறிதாக விற்றது. இலட்சக்கணக்கில் கொடுக்க இயலாத இரசிகர்கள் ஒரு பொத்தானோ கைப்பட்டையோ வாங்கியது அங்கேதான்.

எது மெய்ப்பொருள்?

நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பது போல, ஏலப்பொருளுக்கும் அது யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்ற தொடர்ச்சி வேண்டும். படப்பிடிப்புப் பொருளில் இது பெரும் சிக்கல். ஒரே உடை மூன்று பிரதி, ஒரே துப்பாக்கி ஐந்து பிரதி என்று செய்வார்கள். அருகில் காட்ட ஒன்று, கீழே விழுந்தால் உடையாமலிருக்க இரப்பரில் ஒன்று, தொலைவுக்கு ஒன்று. இவற்றில் எதைக் 'கதையில் வந்தது' என்று சொல்வது?

2006 ஏலமே இதற்கு எடுத்துக்காட்டாயிற்று. டேட்டா என்ற பாத்திரம் சீட்டாடும்போது அணியும் நெற்றி மறைப்பு என்று சொல்லப்பட்டதை ஒருவர் 6,000 டாலருக்கு வாங்கினார். அதில் கையெழுத்துப் பெற அப்பாத்திரத்தில் நடித்த பிரென்ட் ஸ்பைனரிடம் எடுத்துச் சென்றபோது, உண்மையானதைத் தாம் முன்பே விற்றுவிட்டதாக ஸ்பைனர் கூறினார் என்று சொல்லி, வாங்கியவர் கிறிஸ்டீஸ் மீது வழக்குத் தொடுத்தார்.

பள்ளியில் இருப்புப் பதிவேடு எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உதவாத பொருள்களைக் கழிவு செய்து ஏலம் விட்டபோது, பித்தளையில் செய்த பழைய சூரியக் குடும்ப மாதிரி ஒன்றும் எடைக்குப் போனது. கையால் சுற்றினால் கோள்கள் சுழலும். எப்போது வாங்கியது, யார் கொடுத்தது என்ற பக்கம் பதிவேட்டில் இல்லை; எனவே அதற்காகப் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஸ்டுடியோவின் சொத்துகளைச் சிதறடித்தது தவறு என்று கிறிஸ்டீஸ் ஏலத்தைக் குறை கூறுவோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஒரே கூரையின்கீழ் இருந்தவை நாடு நாடாகப் பிரிந்தன. தனியார் வீட்டுக்குள் போனவற்றை ஆய்வாளர் பார்க்க வழியில்லை. ஆனால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, படம் பிடித்து, எந்தப் பகுதியில் வந்தது என்று எழுதி அச்சிட்டதும் அந்த ஏலத்தின் பட்டியல்தான். பதிவேடு இல்லாமல் கிடங்கில் முழுமையாகக் கிடப்பது, பதிவேட்டோடு பல வீடுகளில் பிரிந்து கிடப்பது ஆகிய இரண்டில் எது மேல் என்றால், நான் இரண்டாவதையே சொல்வேன். அருங்காட்சியகத்துக்குப் போவது இவ்விரண்டையும்விட மேல். அது நடந்தது ஒரு கலத்துக்குத்தான்.

பெட்டிகளிலிருந்து வெளிவந்தவை

பதிவேடு இல்லாத இடத்தில் ஒரு தனி மனிதரின் பேரார்வம் அந்த வேலையைச் செய்ததும் உண்டு. மாதிரிக் கலைஞர் கிரெக் ஜீன் அத்தகையவர். 'குளோஸ் என்கவுண்டர்ஸ்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற அவர், எண்டர்பிரைஸ்-டி கலத்தின் நான்கு அடி மாதிரியைச் செய்தவர். 1996-இல் பழைய எண்டர்பிரைஸை மீண்டும் காட்ட வேண்டியிருந்தபோது, மூலம் ஸ்மித்சோனியனில் இருந்ததால், அதைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்ததும் அவரே. பிறர் எறிந்தவற்றை அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 2022-இல் அவர் மறைந்தபின், நண்பர்கள் அவருடைய சேமிப்பைப் பிரித்துப் பார்த்தபோது, அட்டைப்பெட்டி ஒன்றில் 1977-ஆம் ஆண்டு 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பறந்த எக்ஸ்-விங் போர்க்கலத்தின் மாதிரி இருந்தது. பல ஆண்டுகளாகக் காணாமற்போனதாகக் கருதப்பட்டது அது. 2023 அக்டோபரில் ஹெரிடேஜ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அது மட்டும் 31,35,000 டாலருக்கும், முழுத் தொகுப்பு ஏறத்தாழ 1 கோடியே 36 இலட்சம் டாலருக்கும் விற்றன.

அதே இலையுதிர் காலத்தில் ஈபே தளத்தில் ஒரு பழைய விண்கல மாதிரி விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 1,000 டாலர். வாடகைச் சேமிப்பறை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது அது. படங்களைப் பார்த்த இரசிகர்கள், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காணாமற்போயிருந்த மூன்று அடி எண்டர்பிரைஸ் அதுவாக இருக்கலாம் என்று கண்டுகொண்டனர். விற்பனை அறிவிப்பு விலக்கப்பட்டது. கலம் ஹெரிடேஜ் நிறுவனத்திடம் சென்றது. அங்கு அப்போது பொறுப்பில் இருந்தவர், கிர்க்கின் நாற்காலியை 2002-இல் விற்ற புரொஃபைல்ஸ் இன் ஹிஸ்டரி நிறுவனத்தைத் தொடங்கிய ஜோ மதலேனா. ஆய்வு செய்து, அது மூல மாதிரியே என்ற முடிவுக்கு வந்தனர்.

ஏலத்துக்கு விட்டிருந்தால் அது எந்த விலைக்குப் போயிருக்கும் என்று யாரும் எண்ணிப் பார்க்கலாம். ஏலம் விடப்படவில்லை. 2024 ஏப்ரலில் அது ராடன்பெரியின் மகன் ராட் ராடன்பெரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைத் தம் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றும், பழுது பார்த்து, பொதுமக்கள் பார்க்கும்படி ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்தில் சேர்க்க விரும்புவதாகவும் அவர் தெரிவித்தார்.